நான்காவது போர்டுக்கும் அதே மதிப்பு

நம் ராணுவ அகாடமிகளுக்கு இடையே ஆண்டுதோறும் அணிச் சதுரங்கப் போட்டி ஒன்று பெரிய அளவில் நடக்க வேண்டும். அதில் கிடைக்கும் கோப்பைக்கு, குத்துச்சண்டைக் கோப்பைக்கும் கிராஸ் கன்ட்ரி கோப்பைக்கும் என்ன மரியாதையோ அதே மரியாதை இருக்க வேண்டும். இதைச் சொல்கிற நான் ஓய்வு பெற்ற சுபேதார். படையில் என் வேலை உடற்பயிற்சி. விடியும் முன்பே விசிலோடு மைதானத்தில் நின்று, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் கயிறு ஏறவும் சுவர் தாண்டவும் வைத்தவன். ஊருக்குத் திரும்பிய பிறகு நடுவர் தேர்வு எழுதினேன். இப்போது மாவட்ட, மாநில செஸ் போட்டிகளில் ஆர்பிட்டராக இருக்கிறேன். மைதானத்தையும் பலகையையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஒரு வாதத்தை முதலிலேயே விலக்கி வைத்துவிடலாம். செஸ் ஆடினால் நல்ல தளபதி ஆகலாம் என்று பரிசளிப்பு விழா மேடைகளில் பேசுவார்கள். யானை, குதிரை, காலாள் என்று ஒரு படையே பலகையில் நிற்பதால் வந்த பேச்சு அது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நெப்போலியனுக்குச் சதுரங்கத்தில் ஆசை அதிகம். ஆனால் ஆட்டத்தில் அவர் பெரிய கை என்று யாரும் சொன்னதில்லை. காரணம் எளிது. பலகையில் எதிராளியின் பதினாறு காய்களும் கண் முன்னால் நிற்கின்றன. களத்தில் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிளட்டூன் இருக்கிறதா, ஒரு பட்டாலியன் இருக்கிறதா என்று தெரியாது. இந்தக் குறை பிரஷ்ய அதிகாரிகளுக்கு அன்றே தெரிந்திருந்தது. ரைஸ்விட்ஸ் என்ற இளம் லெப்டினன்ட் 1824இல் கட்டங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, உண்மையான நிலப்படத்தின் மேல் ஆடும் போர் விளையாட்டை அமைத்தார். நடுவில் ஒரு நடுவர். எதிரியின் படை உன் பார்வைக்குள் வந்தால்தான் அதன் காயை அவர் படத்தில் வைப்பார். சண்டையின் முடிவைப் பகடை சொல்லும். போர்க்கலையைக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் அந்த வழியில்தான் போக வேண்டும். செஸ் அதற்கு உதவாது.

அப்படியானால் அகாடமியில் செஸ் எதற்கு? தனி ஆட்டத்தைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது எங்கும் நடக்கிறது, நடக்கட்டும். நான் கேட்பது அணி ஆட்டம். அதில் ஒரு விதி இருக்கிறது. இருபது வயதில் முப்பது பேருக்கு உத்தரவு போடப் போகிற ஒருவன் தெரிந்துகொள்ள வேண்டியதை அந்த விதியைப் போலச் சொல்லிக்கொடுக்கிற வேறு விளையாட்டை நான் பார்த்ததில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக விவரமாகவே சொல்கிறேன். நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு ஐந்து பேர். ஒரு சுற்றில் நால்வர் ஆடுவார்கள், ஒருவர் உட்கார்ந்திருப்பார். நான்கு பலகைகள், நான்கு தனித்தனி ஆட்டங்கள். வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை. நான்கையும் கூட்டினால் இரண்டரை வந்த அணி அந்தச் சுற்றை வென்றது. முதல் போர்டில் உலகத் தரத்து ஆள் எடுத்த ஒரு புள்ளியும், நான்காவது போர்டில் பெயர் தெரியாத ஒருவன் எடுத்த ஒரு புள்ளியும் சமம். 2008இல் ட்ரெஸ்டனில் நடந்த ஒலிம்பியாடிலிருந்து இன்னொரு மாற்றமும் வந்தது. அதற்கு முன்பு எல்லாப் பலகைகளின் புள்ளிகளையும் மொத்தமாகக் கூட்டித்தான் தரவரிசை. அதன் பிறகு சுற்றை வென்றால் இரண்டு, சமன் செய்தால் ஒன்று. நான்குக்குப் பூஜ்யம் என்று நொறுக்கினாலும் இரண்டரைக்கு ஒன்றரை என்று தப்பிப் பிழைத்தாலும் கிடைப்பது ஒன்றுதான். தன் ஆட்டத்தைப் பளபளப்பாக முடிப்பதைவிட, அணிக்கு இந்த மணி நேரத்தில் என்ன தேவை என்று யோசிக்க வேண்டிய கட்டாயம் அங்கே வந்துவிட்டது.

இனி அந்த விதி. அணிக்கு ஒரு கேப்டன் உண்டு. ஆட்டம் நடக்கும்போது அவர் தன் ஆட்டக்காரனிடம் டிரா கேட்கச் சொல்லலாம், வந்த டிராவை ஏற்கச் சொல்லலாம், ஆட்டத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லலாம். அதோடு சரி. பலகையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. குதிரையை நகர்த்து என்று கண்ணால்கூடக் காட்டக் கூடாது. நடுவர் பக்கத்திலேயே நிற்பார். எதிராளி டிரா கேட்டால் ஆட்டக்காரன் கேப்டனிடம், “ஏற்கலாமா?” என்று கேட்கலாம். கேப்டன் மற்றப் பலகைகளைப் பார்த்துவிட்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லலாம். மூன்றாவதாக ஒரு பதிலும் அவருக்கு அனுமதி உண்டு: “உன் முடிவு.”

கட்டளையிடும் கலையின் சாரம் எனக்கு இந்த விதியில் தெரிகிறது. என்ன வேண்டும் என்பதை மேலே இருப்பவன் சொல்லலாம். எப்படி என்பது களத்தில் இருப்பவனின் பொறுப்பு. நல்ல அதிகாரிகளிடமும் வேலை செய்திருக்கிறேன், மற்றவர்களிடமும் வேலை செய்திருக்கிறேன். வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். ரேடியோவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த ஜவான் படுத்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர் ஒரு வகை. மாலைக்குள் அந்த ரிட்ஜ் நமக்கு வேண்டும், ஆள் சேதம் கூடாது, மற்றதை நீங்கள் பாருங்கள் சாஹிப் என்று விட்டுவிடுகிறவர் இன்னொரு வகை. இரண்டாவது வகை அதிகாரி வானத்திலிருந்து குதித்து வருவதில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்க அவர் எங்கேயோ பழகியிருக்க வேண்டும். மைதானத்தில் அந்தப் பழக்கம் வருவதில்லை. ஹாக்கியில் கோட்டுக்கு வெளியே நிற்பவன் தொண்டை கிழியக் கத்தலாம். குத்துச்சண்டையில் சுற்றுக்குச் சுற்று மூலையில் உட்காரவைத்து, இடது கையைத் தூக்கு, உள்ளே போய் அடி என்று சொல்லிக்கொடுக்கிறோம், நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தளபதியின் வாயைச் சட்டம் போட்டுக் கட்டுவது அணிச் சதுரங்கத்தில்தான்.

நான் வேலை பார்த்த ஓர் அகாடமியில், ஸ்குவாட்ரன்கள் என்ற கேடட் பிரிவுகளுக்கு இடையே செஸ் போட்டி ஒன்று நடக்கும். சிறந்த ஸ்குவாட்ரனுக்குத் தரும் சாம்பியன் பேனருக்கான கணக்கில் அதற்கு ஒப்புக்கு ஏதோ ஒரு புள்ளி. மழைக்காலத்தில், மைதானம் சேறாகிக் கிடக்கும் ஒரு வாரத்தில், ஆன்ட்டி ரூமில் மேசை போட்டு முடித்துவிடுவார்கள். அங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓர் ஆண்டு இறுதி ஆட்டம் இன்றும் அப்படியே மனதில் நிற்கிறது.

அதே வாரத்தில்தான் நோவிஸ் பாக்ஸிங்கும் நடந்து முடிந்திருந்தது. இரண்டாவது போர்டில் ஆடியவனுக்குக் கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. நான்காவது போர்டில் இருந்த முதல் டெர்ம் பையனுக்கு வலது கை விரல் முட்டிகள் வீங்கி, காயைப் பிடிக்கவே சிரமப்பட்டான். இடது கையால் நகர்த்தி, அதே கையால் கடிகாரத்தை அழுத்தினான். நகர்த்திய கையால்தான் அழுத்த வேண்டும் என்பது விதி. அதை அவன் ஒருமுறைகூட மீறவில்லை. கேப்டன் ஆறாவது டெர்ம், முதல் போர்டு. தன் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு எழுந்து நின்றிருந்தான். மூன்றாவது போர்டு தோற்றாயிற்று. ஒன்றுக்கு ஒன்று. இரண்டாவது போர்டில் அவன் அணிப் பையன், அந்த நீலக்கண்காரன், ஒரு குதிரையே கூடுதலாக வைத்திருந்தான். நான்காவது போர்டில் யானை எண்ட்கேம். அந்த முதல் டெர்ம் பையனுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். எதிராளி தலையை நிமிர்த்தி டிரா கேட்டான்.

பையன் எழுந்து கேப்டனைப் பார்த்தான். அவனுக்கு ஆட விருப்பம் என்பது முகத்திலேயே தெரிந்தது. சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஓட்டத்தில் பின்தங்கி, கயிற்றில் பாதியில் தொங்கி, தினமும் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த பையன். ஸ்குவாட்ரனுக்காக அவன் கொண்டுவரப் போகிற முதல் சொத்து அந்த ஒரு புள்ளி. கேப்டன் இரண்டாவது போர்டைப் பார்த்தான், திரும்ப நான்காவது போர்டைப் பார்த்தான். “எடுத்துக்கோ” என்றான். பையன் ஒன்றும் பேசவில்லை. உட்கார்ந்தான், கை கொடுத்தான், ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டான்.

கணக்கில் தவறே இல்லை. ஒன்றரைக்கு ஒன்றரை, கூடுதல் குதிரையோடு ஓர் ஆட்டம் பாக்கி. ஆனால் அடுத்த பத்து நிமிடத்துக்குள் அந்த இரண்டாவது போர்டு, நேரம் குறையக் குறைய அவசரப்பட்டு, தன் ராஜாவின் பக்கம் வந்த ஒரு செக்கைப் பார்க்காமல் விட்டு, தோற்றது. கோப்பை போயிற்று.

அன்று இரவு ரவுண்டு போகும்போது ஆன்ட்டி ரூமில் விளக்கு எரிந்தது. உள்ளே கேப்டனும் அந்த முதல் டெர்ம் பையனும். டிரா கொடுத்த இடத்திலிருந்து காய்களை அடுக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது டெர்ம்காரன் முன்னால் முதல் டெர்ம்காரன் நிமிர்ந்து நிற்கக்கூட அஞ்சுகிற உலகம் அது. அங்கே அந்தச் சிறுவன், “இல்லை சார், யானை இங்கே வந்தால் உங்கள் ராஜா தாண்டி வர முடியாது” என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தான். திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தார்கள். ஜெயிக்கிற ஆட்டம்தான் என்று இருவருக்கும் தெரிந்துபோயிற்று. கேப்டன் அதை மறைக்கவில்லை. மறுநாள் ஸ்குவாட்ரன் ஃபால்-இன்னில், இறுதி ஆட்டத்தில் முடிவெடுத்தது நான், நான்காவது போர்டு ஜெயித்திருக்கும் என்று எல்லோர் முன்பும் சொன்னான். அந்தப் பையனின் நடையே அதற்குப் பிறகு வேறாகிவிட்டது. கயிற்றிலும் ஏறினான், அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

உயர்ந்த இடத்திலும் இதே கதைதான் நடக்கிறது. 2022 ஆகஸ்டில் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் இந்தியாவின் இரண்டாவது அணியில் ஆடிய பிள்ளைகளின் வயதை நினைத்துப் பாருங்கள். குகேஷ் 16, பிரக்ஞானந்தா 16, ரௌனக் சாத்வானி 16, நிஹால் சரீன் 18. தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர்கிற வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை. அதே வயதுப் பிள்ளைகள். குகேஷ் முதல் எட்டுச் சுற்றுகளையும் தொடர்ந்து ஜெயித்திருந்தார். பத்தாவது சுற்று உஸ்பெகிஸ்தானோடு. பிரக்ஞானந்தா தன் ஆட்டத்தை ஜெயித்தார். நிஹாலும் சாத்வானியும் டிரா. முதல் போர்டில் குகேஷ் அப்துசத்தோரோவுக்கு எதிராகக் கை ஓங்கியிருந்த ஆட்டத்தை ஜெயித்தே தீருவது என்று இழுத்துப் பிடித்து, கடைசியில் தவறவிட்டார். டிராவாக முடிந்திருந்தால் சுற்று நமக்கு. முடிந்தது இரண்டுக்கு இரண்டு. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெண்கலம் நமக்கு.

அந்தப் பிள்ளையின் வேகத்தில் நான் குற்றம் காண மாட்டேன். அந்த வேகம் இல்லாமல் எட்டு வெற்றி வராது. அந்த அணிக்குக் கேப்டனாக இருந்த ஆர்.பி. ரமேஷ் பிரக்ஞானந்தாவைச் சின்ன வயதிலிருந்தே வளர்த்தவர். கண்ணெதிரே பிள்ளை தவிக்கும்போது, பலகையில் இருப்பதெல்லாம் தெரிந்திருந்தும், ஒரு காயின் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று அந்த அரங்கில் இருந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். இரண்டு ஆண்டு கழித்து புடாபெஸ்டில் அதே குகேஷ் முதல் போர்டில். இந்திய அணிக்கு 11 சுற்றில் பத்து வெற்றி, ஒரே ஒரு சமன், அதுவும் அதே உஸ்பெகிஸ்தானோடு. 22க்கு 21 புள்ளி. தங்கம். மாமல்லபுரத்தில் வாங்கிய அடி வீண்போகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி, இதற்குப் போட்டி எதற்கு, அதுவும் அகாடமிக்கும் அகாடமிக்கும் மோதல் எதற்கு என்ற கேள்வி. சேர்ந்து ஆடிப் பழகலாமே, பகை எதற்கு என்று என் நண்பர் ஒருவர், பள்ளித் தலைமை ஆசிரியர், கேட்டார். பகை என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரையில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமி 1802இலிருந்து இருக்கிறது. அனாபலிஸ் கடற்படை அகாடமி 1845இலிருந்து. இரண்டுக்கும் 1890இல் தொடங்கிய கால்பந்துப் போட்டி, அவர்கள் ஊர்க் கால்பந்து, இன்றும் நாடே உட்கார்ந்து பார்க்கிற விஷயம். ஆட்டம் முடிந்ததும் என்ன செய்வார்கள் தெரியுமா? இரண்டு அணிகளும் சேர்ந்து முதலில் தோற்ற அகாடமியின் மாணவர் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று, தோற்றவர்களின் அகாடமிப் பாடலைப் பாடுவார்கள். பிறகு சேர்ந்தே நடந்து எதிர்ப்பக்கம் போய் வென்றவர்களின் பாடல். இரண்டாவதாகப் பாடுவதுதான் வெற்றி. நாளைக்கு ஒரே போரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கப் போகிறவர்களின் பகை இப்படித்தான் இருக்க வேண்டும். சதுரங்கத்திலும் அந்த இரண்டு அகாடமிகளின் அணிகள் மோதிக்கொள்கின்றன. ஆள் கூட்டம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. ஆனால் கடற்படையிடம் தோற்கக் கூடாது என்ற எண்ணம் மட்டும் அப்படியே இருக்கும். அந்த எண்ணம் இருப்பதால்தான் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் எண்ட்கேம் புத்தகத்தைப் பிரிக்கிறான்.

வெஸ்ட் பாயிண்டுக்கும் சதுரங்கத்துக்கும் பழைய தொடர்பு. 1920இல் போலந்திலிருந்து வந்த சாமுவேல் ரெஷெவ்ஸ்கி என்ற சிறுவனை அங்கே அழைத்தார்கள். பத்து வயதுகூட ஆகாத பிள்ளை, மாலுமிச் சட்டை. இருபது அதிகாரிகளும் கேடட்களும் மேசைகளில் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவன் நடந்தபடியே எல்லோரோடும் ஆடினான். ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. தோள்பட்டையில் நட்சத்திரம் வைத்தவர்கள் ஒரு பொடியனிடம் தோற்றுக் கை கொடுக்கிற காட்சியை ஓர் அகாடமி தானே விரும்பி ஏற்பாடு செய்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பலகைக்கு முன்னால் ரேங்க் கிடையாது. அமெரிக்க முப்படைகளுக்கான செஸ் சாம்பியன் போட்டி 1960இல் வாஷிங்டனில் தொடங்கியது. முதல் உலகப் போரில் மரைன் படையில் இருந்த தாமஸ் எமரி என்பவர் தன் பணத்தைப் போட்டு நடத்திய போட்டி. முதல் ஆண்டுப் பட்டத்தை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் விமானப்படை கேப்டன் ஜான் ஹட்சன். இன்னொருவர் ராணுவத்தில் ஸ்பெஷலிஸ்ட் என்ற அடிமட்டப் பதவியில் இருந்த ஆர்தர் ஃபியர்ஸ்டீன். வெளியே பார்த்தால் ஒருவர் மற்றவருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். உள்ளே ஒரே கோப்பையில் இரண்டு பேர். அந்தப் போட்டி இன்றும் நடக்கிறது; அகாடமி கேடட்களும் அதில் ஆடலாம். ஐரோப்பாவில் நேட்டோ நாடுகளின் படைகளுக்கு 1989இலிருந்து தனிச் சாம்பியன் போட்டி உண்டு. ஜெர்மனிதான் பெரும்பாலும் தட்டிக்கொண்டு போகிறது. இத்தனை படைகள் இத்தனை காலம் பொழுதுபோகாமல் இதைச் செய்துகொண்டிருக்கவில்லை.

பிரிட்டன் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களை உடைத்த பிளெட்ச்லி பார்க்கில் ஹியூ அலெக்சாண்டர், ஸ்டூவர்ட் மில்னர்-பேரி, ஹாரி கோலம்பெக் மூவரும் வேலை பார்த்தார்கள். மூவரும் 1939இல் புவெனஸ் ஐரிஸ் ஒலிம்பியாடில் இங்கிலாந்து அணியில் ஆடப் போனவர்கள். நடுவில் போர் வெடித்தது. 1944 டிசம்பரில் பிளெட்ச்லி பார்க் செஸ் அணி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அணியை எட்டுக்கு நான்கு என்று வென்றது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, தலைக்கு மேல் வேலை இருக்கும்போதே, பன்னிரண்டு பேர் நேரம் ஒதுக்கி அணியாக ஆடினார்கள். நேரமில்லை என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

நேரமில்லை என்பது வெறும் சாக்கு என்று நான் தள்ளிவிடவும் மாட்டேன். கேடட்டின் நாள் எனக்குத் தெரியும். விடியலுக்கு முன் எழுந்து, பி.டி., டிரில், வகுப்பு, மாலை விளையாட்டு, இரவுப் படிப்பு என்று தூக்கத்தைப் பிடுங்கித்தான் எல்லாம் நடக்கிறது. நான் கேட்பது தினசரி வகுப்பு இல்லை. குத்துச்சண்டை அணிக்கு எப்படிப் பத்துப் பதினைந்து பேரைப் பிரித்தெடுத்து ஒரு டெர்முக்குத் தயார் செய்கிறோமோ அப்படி ஓர் ஐந்து பேர். வாரத்தில் இரண்டு மாலை. அவர்கள் ஓடவும் வேண்டும், கயிறு ஏறவும் வேண்டும். ஒரு நொடிகூட நான் உடற்பயிற்சியைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். நான்கு மணி நேரம் ஒரே ஆட்டத்தில் உட்கார்ந்து கடைசி அரை மணியில் தெளிவாக இருக்கிறவன் யார் என்று நடுவர் மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நன்றாக ஓடுகிறவன்தான்.

போனில் ஆடிக்கொள்ளலாமே என்கிறார்கள். ஆடட்டும். ஆனால் போன் ஆட்டத்தில் தோற்றால் அடுத்த நொடி இன்னொரு ஆள் கிடைக்கிறான்; தோல்வி மனதில் இறங்குவதற்குள் புது ஆட்டம். எது சரியான நகர்த்தல் என்று இயந்திரமும் உடனே சொல்லிவிடுகிறது. அணி ஆட்டத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவோம். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். எதிரில் மூச்சு விடுகிற ஆள். பின்னால் தன் ஸ்குவாட்ரன் முழுதும் நிற்கும், ஆனால் ஒரு சத்தம் போடக் கூடாது. அகாடமியில் ஆதரவு என்றாலே முழக்கம். அது இல்லாமல் மௌனமாக நின்று ஒருவனைத் தாங்குவது எப்படி என்று அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். தவறு செய்தால் மழை, மைதானம், நடுவர் என்று பழி போட எதுவும் கிடையாது. எழுதிய ஸ்கோர் ஷீட் அவன் கையெழுத்தோடு அங்கேயே இருக்கும்.

இன்னொரு காரணம் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. பரங்கிமலை அகாடமியில் 1992லிருந்து பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். தேசிய பாதுகாப்பு அகாடமி 2022இல் பெண்களைச் சேர்த்தது. முதல் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியேறியது. ஓட்டத்துக்கும் குத்துச்சண்டைக்கும் அவர்களுக்குத் தனிப் பிரிவு, தனி அளவுகோல். அது தேவை, உடற்பயிற்சி ஆசிரியனாக நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் ஒரே அணியில், ஒரே கோப்பைக்காக, எந்தச் சலுகையும் இல்லாமல் ஆணும் பெண்ணும் ஆடுவதற்குச் செஸ்ஸில் தடையே இல்லை. முதல் போர்டில் ஒரு பெண் கேடட் உட்கார்ந்து, அவளே கேப்டனாகவும் இருந்து, நான்காவது போர்டுப் பையனிடம் “எடுத்துக்கோ” என்றோ “உன் முடிவு” என்றோ சொல்லட்டும். நாளைக்கு அவள் உத்தரவு போடும்போது அவனுக்கு அது புதிதாக இருக்காது.

விளையாட்டை மதிக்கத் தெரியாத படை இல்லை நம்முடையது. மில்கா சிங்கைக் கண்டெடுத்தது ராணுவத்தின் கிராஸ் கன்ட்ரி ஓட்டம். ராஜ்யவர்தன் ராத்தோர் ஏதென்ஸில் வெள்ளி வாங்கியபோது அவர் பணியிலிருந்த அதிகாரி. நீரஜ் சோப்ரா டோக்கியோவில் தங்கம் எறிந்தபோது சுபேதார். இன்று உலக சாம்பியன் பட்டத்தையும் ஒலிம்பியாடின் இரண்டு தங்கங்களையும் வாங்கிவிட்ட நாட்டில், மாவட்டத்துக்கு மாவட்டம் ரேட்டிங் வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஒவ்வொரு டெர்மும் சீருடை போட்டுக்கொண்டு அகாடமிக்குள் போகிறார்கள். போகும்போது வாசலில் பெட்டியோடு செஸ் போர்டையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்றால் அது நமக்கு நஷ்டம்.

திட்டம் சிக்கலானதல்ல. கடக்வாஸ்லா, டேராடூன், எழிமலை, துண்டிகல், பரங்கிமலை. ஐந்து அகாடமிகள், அணிக்கு ஐந்து பேர், ஒரு சுற்றுக்கு நான்கு பலகை. எல்லோரும் எல்லோரோடும் ஆடினால் ஐந்து சுற்று. நாளுக்கு இரண்டு என்று வைத்தால் மூன்றாம் நாள் மதியம் முடிந்துவிடும். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், நகர்த்தலுக்கு முப்பது நொடி கூடுதல். அவசர ஆட்டமாக வேண்டாம், யோசிக்க இடம் இருக்க வேண்டும். கேப்டன் ஆடுகிறவர்களில் ஒருவராகவே இருக்கட்டும், அதிகாரிகள் யாரும் கேப்டனாக வேண்டாம். யாரை உட்காரவைப்பது என்பதையும் முந்தின இரவு அந்தக் கேடட்டே எழுதிக் கொடுக்கட்டும். சுற்று முடிந்ததும் இரண்டு அணிகளும் அதே மேசையில் உட்கார்ந்து ஆட்டங்களைத் திரும்ப ஆடிப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். புள்ளி அந்தந்த அகாடமியின் ஆண்டு விளையாட்டுக் கணக்கில் முழுதாக ஏற வேண்டும். இது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. புள்ளி இல்லாத ஆட்டத்தை அகாடமியில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

முதல் போட்டியைப் பரங்கிமலையில் வைக்கலாம். சென்னையில் நடுவர்களுக்குப் பஞ்சமில்லை. மாமல்லபுரம் ஒலிம்பியாடில் வேலை பார்த்தவர்களே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என்னைப் போல் படையிலிருந்து வந்த ஆர்பிட்டர்களும் இருக்கிறோம். சம்பளம் கேட்க மாட்டோம். தங்க ஒரு பாரக் கொடுத்தால் போதும், பலகையும் கடிகாரமும் நாங்களே கொண்டுவருகிறோம்.